ஆமை முட்டைக்குத் தண்ணீர் ஊற்றியவள் எழுதுவது

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக் கிழவர்களே, கிழவிகளே! நேற்று நம் வாட்ஸாப் குழுவில் நீங்கள் சிரித்த சிரிப்பையெல்லாம் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்க விடுகிறார்களாம், துடுப்புப் படகு இருக்கிறதாம், பறவைகள் வருகின்றனவாம், எல்லோரும் சேர்ந்து ஒரு சனி ஞாயிறு போய்வருவோம் என்று ஒருவர் எழுதினார். நல்ல யோசனைதான். அதற்கு அடுத்த வரியிலேயே இன்னொருவர், "அவளும் வரட்டும், ஆனா கொடத்த வூட்லயே வெச்சிட்டு வரணும்" என்று போட்டார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். "பாவம், நானூறு ஆமை" என்று ஒரு குரல். "இப்பவாவது ஒரு சாரி சொல்லு, மன்னிச்சு விட்டுடறோம்" என்று இன்னொரு பெரிய மனசு.

சொல்ல மாட்டேன்.

எனக்கு ஐம்பத்தாறு வயது. கூடுவாஞ்சேரியிலிருந்து ஏழு மணி ரயிலுக்கு ஓடி ஓடி இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. இந்த வயதில் எனக்கு மறதி வரவில்லை, உங்களுக்குத்தான் வந்திருக்கிறது. அந்த ஐந்து நாளில் நடந்ததில் பாதியை நீங்கள் பார்க்கவே இல்லை. பார்த்த மீதியையும் நாற்பது வருடமாகச் சொல்லிச் சொல்லித் திரித்துவிட்டீர்கள். ஆகவே நானே எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று எவரும் முனகக்கூடாது.

முழுப்பரீட்சை முடிந்து சித்திரை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். செங்கல்பட்டிலிருந்து நம் முப்பது பேரை ஒரு பஸ்ஸில் அடைத்து, சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். இயற்கை முகாம் என்று பெயர். காக்கிக் கூடாரங்கள் ஆறு. நனைந்தபோதே மடித்து வைத்த கித்தான் ஒரு நாற்றம் அடிக்குமே, அந்த நாற்றம் முதல் நாள் முழுக்க நம் தலைமுடியில் இருந்தது. காலையில் விசில். விசிலுக்கு அப்புறம் தலை எண்ணுவது. அப்புறம் உப்புமா. அந்த உப்புமாவில் ரவை எது, மணல் எது என்று பல்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் அலுமினியத் தட்டு மாறிப்போகக்கூடாது என்று அம்மா அதன் விளிம்பில் ஆணியால் மூன்று புள்ளி குத்தித் தந்திருந்தாள். எழுதத் தெரியாதவளுக்கு அதுதான் பெயர் எழுதுவது. அந்தத் தட்டை அங்கே எங்கோ விட்டுவிட்டேன். அதை உங்களில் யார் எடுத்துப் போனது என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முகாமுக்கு ஓர் அதிகாரி. வெள்ளைத் தொப்பி, கழுத்தில் தூரதர்சினி. முகாமுக்குப் பின்னால் கடல்நீர் தேங்கிக் கிடந்த கழியின் அந்தக் கரையில் பூநாரைகள் வந்து நின்றபோது ஒவ்வொருவராக வரிசையில் வந்து அதன் வழியாகப் பார்க்கச் சொன்னார். கழுத்திலிருந்து கழற்றமாட்டார், நாம்தான் குனிந்து அவர் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். பத்து எண்ணுவார். என் முறையில் எனக்கு அவர் சட்டைப் பித்தான்தான் தெரிந்தது. பிறகு வெறும் கண்ணால் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே ரோஸ் நிறத்தில் நீளமாக ஒரு கோடு. எனக்கு அது போதுமாக இருந்தது.

கடல் விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். பையன்களுக்கு முட்டிவரை கடல், பெண்பிள்ளைகளுக்குக் கணுக்கால்வரை கடல். நம் பி.டி. டீச்சர் கரையில் கோடு கிழித்து, விசிலோடு நின்றார். பெரிய அலை வந்து அந்தக் கோட்டை அழித்தால் கோடு பின்னால் போகும், முன்னால் வராது. அத்தனை தண்ணீர் எதிரே கிடக்க, நாங்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதம் நனைத்துவிட்டு வந்தோம்.

முகாமின் பெருமையே ஆமைப் பண்ணைதான். மூங்கில் குச்சி நட்டு வலை கட்டிய ஒரு வேலி, உள்ளே வெறும் மணல். பங்குனி மாதம் கரையேறி முட்டையிடுகிற பங்குனி ஆமைகளின் முட்டைகளை நாய்களும் நரிகளும் தோண்டிவிடும் என்று, விடியலில் கரையோரமாக நடந்து தேடி எடுத்துவந்து இங்கே குழி தோண்டிப் புதைத்துவைப்பார்கள். அதைச் செய்தவர் சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்து மீனவர் ஒருவர். நாம் அவரை ஆமைக் காவலர் என்று கூப்பிட்டோம். குழிக்கு ஒரு குச்சி, குச்சியில் நம்பரும் தேதியும். நாற்பத்தைந்திலிருந்து ஐம்பது நாளில் பொரியும், அதுவரை யாரும் எதையும் தொடக்கூடாது என்று அதிகாரி பாடம் எடுத்தார். பகலில் காக்கா விரட்ட நம்மை இரண்டிரண்டு பேராகக் காவல் போட்டார்கள். மூன்றாம் நாள் உச்சிப்பொழுது முறை எனக்கும் என் பெஞ்சுக்காரிக்கும் வந்தது. என் பெஞ்சுக்காரியும் இந்தக் குழுவில் இருக்கிறாள். நேற்று அவளும் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடவுக்கும் களைக்கும் எல்லாப் பெண்களும்தான் போனார்கள். கத்தரி, மிளகாய்க்கு நாற்று விடுவது என்றால் எங்கள் பக்கம் நாலு ஊரில் என் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். மேட்டுப்பாத்தி கட்டி, விதை தூவி, மேலே வைக்கோல் பரப்பி, கையால் தெளிப்பாள். ஊற்றவே மாட்டாள். குடத்தைச் சாய்த்து விரல் இடுக்கு வழியாகத் தண்ணீரை விடுவாள், மண்ணில் பள்ளம் விழாது. ஈரம் இருக்கிறதா என்று பார்க்க நடுவிரலை இரண்டு கணு ஆழம் விடுவாள். காய்ந்திருந்தால் அவள் முகம் மாறிவிடும். நான் நடக்கக் கற்ற நாளிலிருந்து அவள் பின்னாலேயே சின்னச் சொம்போடு திரிந்தவள். மண்ணுக்குள் உயிர் இருக்கிறது, மேலே வெயில் கொளுத்துகிறது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று வேலிக்குள் மணல் உள்ளங்காலைச் சுட்டது. நாங்கள் ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றோம். நான் பதினாலாம் நம்பர் குழி ஓரத்தில் விரலை விட்டேன். இரண்டு கணுவுக்கும் பொட்டு ஈரம் இல்லை.

"காஞ்சி கெடக்குதுடி. உள்ள இருக்கறது செத்துடும்" என்றேன்.

"தொடக்கூடாதுன்னு சொல்லிக்கிறாங்கடி."

"தொடல. தண்ணி காட்டப் போறோம்."

அடிபம்பு சமையல் கொட்டகைக்குப் பின்னால் இருந்தது. பிளாஸ்டிக் குடம் இரண்டு. ஒன்று என் இடுப்பில், ஒன்று அவள் இடுப்பில். நாலு நடை நடந்தோம். அம்மா தெளிக்கிற மாதிரியே விரல் இடுக்கில் விட்டுத் தெளித்தேன். தெளித்த இடத்தில் சவுக்குச் சருகை அள்ளிவந்து வைக்கோல் போலப் பரப்பினேன். பதினாலு, பதினைந்து, பதினாறு. பதினேழை முடிக்கும்போது அதிகாரி பின்னால் நின்றார்.

அவர் கத்தினதைக் கேட்டு நீங்கள் எல்லோரும் ஓடிவந்தீர்கள். நீங்கள் பார்த்தது அங்கிருந்துதான். "முட்டையில தண்ணி எறங்குனா மூச்சு முட்டி அழுகிப் போயிடும்! ஒரு குழியில நூறு முட்டை. நானூறு உயிரைக் கொன்னுட்டு நிக்கற!" என்றார். நான் நாலு குச்சிகளையும் பார்த்து நானூறு, நானூறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை, அதனால் திமிர் பிடித்தவள் என்று முடிவு கட்டினார்கள். பெஞ்சுக்காரி சத்தம் போட்டு அழுதாள், அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பி.டி. டீச்சர் இரண்டு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட்டால் போதும். பெஞ்சுக்காரியின் தாளில் 'தோழியின் தூண்டுதலால்' என்று இருந்தது. என் தாளில் 'விஷமத்தனமாக' என்று இருந்தது. அவள் போட்டுவிட்டாள்.

"தண்ணி ஊத்துனேன்னு எழுதுங்க டீச்சர், போடறேன். விஷமம்னு எழுதுனா போட மாட்டேன்."

"வாயாடாத. ஒரு வார்த்தைதானே?"

"அந்த வார்த்தைதான் பொய்யி டீச்சர்."

டீச்சர் அதிகாரியின் காதோரம் ஏதோ சொன்னார். அவர் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்து, "ஓ" என்றார். அந்த 'ஓ'வை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதை ஒருமுறையாவது கேட்டிருப்போம். என் தெருப்பெயர் தெரிந்ததும், நான் எதற்காகத் தண்ணீர் ஊற்றியிருப்பேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டதாம். இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எனக்குத் தண்டனை, நாலாம் நாள் படகு கிடையாது என்பது. நீங்கள் எல்லோரும் படகேறிக் கழியைச் சுற்றிக்கொண்டு அக்கரை மணல்திட்டுக்குப் பறவை பார்க்கப் போனீர்கள். நான் சமையல்காரருக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். இரண்டு வெங்காயம் உரித்தேன். கழியில் குப்பத்துப் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். மார்பளவுத் தண்ணீரில் குனிந்து, இறால் போட ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி முன்னேறுவார்கள். அவர்கள் போன திசை மணல்திட்டுத் திசை. வெங்காயத்தை வைத்துவிட்டு இறங்கினேன்.

"இன்னா பாப்பா, எங்க வர?" என்றாள் ஒருத்தி, பறியை வாயிலிருந்து எடுத்து.

"அக்கரைக்கி."

"காலைத் தூக்கி வெக்காத. தேச்சினு வா. கெளுத்தி முள்ளு ஏறுச்சின்னா அவ்ளோதான்."

சேறு கணுக்கால்வரை இழுத்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கழுத்துவரை ஒரு இடத்தில் வந்தது, அங்கே அவள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் கிழித்த கோட்டைவிட எத்தனை தூரம் வந்துவிட்டேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, வாயில் உப்புத் தண்ணீர் போனது. உங்கள் படகு சேற்றில் தட்டித் தட்டி வந்து சேர்ந்தபோது, நான் திட்டின்மேல் பாவாடையைப் பிழிந்துகொண்டு நின்றேன். உங்களில் சிலர் கைதட்டினீர்கள். அதை மட்டும் எப்படி மறந்தீர்கள்? டீச்சர் காதைத் திருகினார். காது வலித்தால் என்ன, பூநாரை அன்று அவ்வளவு பக்கத்தில் இருந்தது. கால் எத்தனை நீளம், எத்தனை ஒல்லி! தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தின்கிறது. அதைப் பார்க்க எனக்கு எவருடைய தூரதர்சினியும் வேண்டியிருக்கவில்லை.

அதற்காகத்தான் என் அம்மாவை வரவழைத்தார்கள். டீச்சர் செங்கல்பட்டு பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அம்மா வந்துவிட்டாள். ஈரத்தலையை முடிந்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நீங்கள் அப்போது மூட்டை கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அதிகாரி தாளை நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"படிங்க சார். இன்னா எழுதிக்கீதுன்னு தெரியணும்ல?"

என் மகள் விதிகளை மீறி விஷமத்தனமாக ஆமை முட்டைகளைச் சேதப்படுத்தியதற்கு வருந்துகிறேன் என்று அவர் படித்தார். அம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு, முட்டை வைத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆமைக் காவலர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து, நான் தண்ணீர் ஊற்றிய குழியில் விரலை விட்டாள். ஊற்றாத குழியிலும் விட்டாள். என்னைப் பார்த்தாள்.

"எப்போடி ஊத்தின?"

"மத்தியானம்."

முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது. "உச்சி வெயில்ல எவளாவது நாத்துக்குத் தண்ணி காட்டுவாளா? சுடு மண்ணுல தண்ணி வுழுந்தா அடியில வெந்து பூடாது? எத்தினி தபா சொல்லிக்கிறேன், பொழுது சாஞ்சப்பறம் ஊத்துன்னு!"

"பாருங்க, அவங்க அம்மாவே ஒத்துக்கறாங்க" என்றார் அதிகாரி.

அம்மா எழுந்து அவரைப் பார்த்தாள். "நேரந்தான் சார் தப்பு. ஊத்துனது தப்பில்ல. மண்ணு கொதிக்கிது, கைய வெச்சிப் பாருங்க."

"இது நாத்து இல்லம்மா. முட்டை. உள்ள உயிர் இருக்கு."

"நாத்துக்கு உசுரு இல்லியா சார்?"

டீச்சர் அம்மாவைச் சவுக்கு மரத்தடிக்குக் கூட்டிப்போய், ரேகை வைக்காவிட்டால் டி.சி. கொடுத்துவிடுவார்கள், பிறகு பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு இந்தப் பள்ளியில் கிடையாது என்று சொன்னார். எனக்குக் கேட்டது. அம்மா திரும்பி வந்தாள். மைப்பெட்டி கேட்டாள். "வெக்காதம்மா" என்று நான் கத்தியது சமையல் கொட்டகைவரை கேட்டிருக்கும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. 'விஷமத்தனமாக' என்ற வார்த்தைக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பிறகு விரலை மணலில் தேய்த்தாள். மை போகவில்லை.

பஸ்ஸில் அவளோடு பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. ஒரு மாதத்துக்குமேல் பேசவில்லை. உலகமே என்னைப் பற்றிப் பொய் சொன்னபோது தாங்கிக்கொண்டவள், என் அம்மாவின் ரேகையைத் தாங்க முடியாமல் போனேன். அவள் பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். பயந்துதான் வைத்தாள், உண்மை. எங்கள் தெருவில் எட்டாவதைத் தாண்டிய பெண் அதுவரை ஒருத்தியும் இல்லை. நான் வீட்டோடு நின்றுவிடுவேன் என்று பயந்தாள். இது எனக்கு விளங்க எத்தனையோ வருடம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க இப்போது அவள் இல்லை.

இங்கேதான் உங்கள் கதை முடிந்துவிடுகிறது. நான் முட்டைக்குத் தண்ணீர் ஊற்றினேன், நானூறு ஆமை செத்தது, அம்மா வந்து மன்னிப்புக் கேட்டாள், எல்லோரும் பஸ் ஏறினீர்கள். நானூறு செத்தது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒருவராவது திரும்பப் போய்ப் பார்த்தீர்களா? இன்றைக்குப் பண்ணைகளில் மேலே நிழல்வலை கட்டுகிறார்களாம், மணல் சுட்டால் மாலையில் தண்ணீரும் தெளிக்கிறார்களாம். போன மாதம் என் அலுவலகத்துப் பெண் ஒருத்தி போய்வந்து சொன்னாள். அதை வைத்து நான் ஒன்றும் மேடையேறப் போவதில்லை. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது நானூறு என்ற எண் மட்டும்தான். வீட்டில் கோழி முட்டை அவித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள், அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அது எப்ப பொரியும்?"

குச்சியில் இருந்த தேதி எனக்கு மனப்பாடம். விரல் விட்டு எண்ணி வைத்திருந்தேன். பேச மாட்டேன் என்ற வீறாப்பை மறந்து, "நாளைக்கி, இல்லன்னா நாளன்னிக்கி" என்றேன். மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போனோம். இறங்கும்போது சூரியன் அப்போதுதான் கிளம்பியிருந்தது.

ஆமைக் காவலர் அம்மாவைக் கண்டதும் சிரித்தார். "வாம்மா நாத்துக்காரம்மா! நீ சொல்ட்டுப் போனியேன்னு சாயந்தரம் சாயந்தரம் லேசா தெளிச்சினு இருந்தேன், எல்லாக் குழிக்கும். சாருக்குத் தெரியாது. சொல்லிடாத."

"நான் ஏன் சொல்றேன்?" என்றாள் அம்மா.

பதினாலிலும் பதினைந்திலும் முந்தின நாளே குஞ்சுகள் வந்துவிட்டன என்றார். பதினாறில் எங்கள் கண் முன்னால் மணல் அசைந்தது. முதலில் ஒரு மூக்கு. பிறகு கண்ணில் மணல் ஒட்டிக்கொண்ட ஒரு தலை. அதன் முதுகில் ஏறி இன்னொன்று. காவலர் அவற்றைக் கூடையில் அள்ளினார், கூடைக்குள் அவை பிறாண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அலையோரம் விட்டபோது முதல் அலை பாதியை மல்லாத்தியது. அம்மா ஐயோ என்று தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். முப்பது கிலோமீட்டர் தள்ளி நாற்பது வருடம் வாழ்ந்த என் அம்மா கடலில் கால் வைத்தது அன்றுதான்.

பதினாறில் பாதிதான் வந்தது. பதினேழில் ஒன்றுகூட வரவில்லை. மேலே ஈ மொய்த்ததைப் பார்த்துக் காவலர் தோண்டினார். நாற்றம் வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் பார்த்தேன். நான் தொடாத பதினெட்டும் அப்படித்தான் அழுகியிருந்தது. பத்தொன்பதில் எல்லாம் பிழைத்திருந்தன. "வருசா வருசம் இப்பிடித்தான் பாப்பா. எது வரும், எது வராதுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார் அவர். பதினேழு என்னால் செத்ததா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதை நான் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன், அதற்கு உங்கள் சிரிப்பு தேவையில்லை.

அம்மா சேலைக் கரையைப் பிழிந்துவிட்டு, கடகடவென்று முகாம் கொட்டகைக்கு நடந்தாள். கோடை முழுக்க வேறு வேறு பள்ளிகள் வந்துகொண்டிருந்தன, அதிகாரி அங்கேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், அன்னிக்கி வெச்ச ரேகையைத் திருப்பிக் குடுங்க."

அவருக்கு முதலில் யாரென்றே தெரியவில்லை. தெரிந்ததும் சிரித்தார். "அதெல்லாம் மேல அனுப்பியாச்சும்மா. அதான் குஞ்சு நிறைய வந்துடுச்சே, விடுங்க. நாங்க மன்னிச்சிட்டோம்."

"நீங்க மன்னிக்கிறது இருக்கட்டும் சார். ஆமை பொழைச்சிதா செத்துதான்னு கேக்க நான் வர்ல. எம்பொண்ணு விஷமம் பண்ணான்னு ரேகை வெச்சிட்டேன். அவ பண்ல. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சே வெச்சேன். அத்தத் திருப்பணும்."

"ஃபைல்ல போனது போனதுதாம்மா. திருப்ப முடியாது."

"அப்பன்னா இன்னொரு தாளு குடுங்க."

தொல்லை விட்டால் போதும் என்று அவர் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். மைப்பெட்டி மேசையிலேயே இருந்தது. அம்மா விரலைத் தோய்த்து, ஒரு எழுத்துகூட இல்லாத அந்தத் தாளின் அடியில் அழுத்தினாள்.

அதிகாரியே பதறிப்போனார். வெற்றுத்தாளில் ரேகை வைக்கக்கூடாது என்பது எங்கள் தெருவில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். அப்படி வைத்துத்தான் என் தாத்தா காலத்தில் இருந்த கால் காணியும் கைவிட்டுப் போனது. அம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள்.

"என்னம்மா இது, வெறுந்தாள்ல? இதுல யார் வேணா என்ன வேணா எழுதிக்கலாமே!"

"யார் வேணா எழுத மாட்டாங்க சார். எழுதத்தான் இவ கீறாளே" என்று சொல்லி, தாளையும் அவருடைய பேனாவையும் என் பக்கம் நகர்த்தினாள். "எழுதுடி. உள்ளத உள்ளபடி எழுது."

நின்றபடியே எழுதினேன். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மண் காய்ந்திருந்தது, அதனால் முட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிய நேரம் தவறு. விஷமம் செய்யவில்லை. முன்பு நான் வைத்த ரேகை பொய்.

"படி" என்றாள்.

படித்தேன். அதிகாரி கேட்கவில்லை என்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாருக்குக் கேக்கல. இன்னொரு தபா படி."

இன்னும் சத்தமாகப் படித்தேன். வெளியே வரிசையில் நின்ற வேறு பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தாளை எடுத்து, என் எழுத்தின் மேல் கையால் ஒருமுறை தடவினாள். பிறகு அதை அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

"இத்தயும் மேல அனுப்புங்க சார்" என்றாள்.